ஈக்வடார் பாரமோல (ஆண்டீஸ் மலை உச்சிப் புல்வெளி) பாத்த ஆர்க்கிட், ஜீனஸே (பேரினமே) பிடிபடல

நண்பர்களே, ஒரு ஆர்க்கிட்ட அடையாளம் காண முடியாம மாட்டிட்டு இருக்கேன். இடம் ஈக்வடார், கீட்டோவுக்கு கிழக்க பாப்பயாக்தா கணவாய் பக்கம், கிட்டத்தட்ட 4000 மீட்டர், நவம்பர் மாசம். மரத்துல தொத்துற வகை இல்ல, புல்லுக்கு நடுவுல ஈரமான பாசி மண்ணுல நேரா தரையிலயே நிக்குது, ஒரு சாண் உயரம் இருக்கும், தண்டு முழுக்க வெங்காயத் தோல் மாதிரி கண்ணாடியா ஒரு உறை சுத்திருக்கு. பூ ரொம்ப பொடிசு, வெள்ளை, நெருக்கமா கதிர் மாதிரி. உதடு (ஆர்க்கிட் பூவுல மத்ததுலேர்ந்து வேற மாதிரி இருக்குற ஒரு இதழ்) கீழ இல்லாம மேல்பக்கமா இருக்கு, ஓரம் பிசிறு பிசிறா. அடியில இலைய சுத்தமா காணோம், காஞ்சிருச்சா இனிமேதான் வருமானு தெரியல.

போன் ஆப்ல போட்டா குடும்பப் பேரோட நின்னுடுது. ஆன்லைன் ஹெர்பேரியம் (உலர்த்தி வச்ச செடிகளோட சேகரிப்பு) படங்களையும் பாத்தாச்சு, காஞ்சு பழுப்பான ஸ்பெசிமன்ல உதடு எங்க இருக்குனே புரியல. ஆல்டன்ஸ்டைனியாங்கற ஆர்க்கிட் ஜீனஸா இருக்குமோனு முதல்ல நெனச்சேன், ஆனா அது இத விட நல்லா உயரமா வளரும், அதனால விட்டுட்டேன். இப்ப மிச்சம் 'ஆ' (Aa, பேரே அவ்ளோதான்), மைரோஸ்மோடஸ் (Myrosmodes) ரெண்டு ஜீனஸ்தான். பெர்மிட் இல்லாம பறிக்கக்கூடாதுனு செடிய தொடல, க்ளோசப் போட்டோ மட்டும் இருக்கு, கமெண்ட்ல போடறேன்.

போட்டோவ மட்டும் வச்சு இந்த ரெண்டையும் பிரிக்கணும்னா பூவுல எந்த பாகத்த பாக்கணும்?