புதுப்பிப்பு: ஸ்ட்ரீமர் முடிவு பண்ணியாச்சு

பழைய ஆம்ப்ளிஃபையருக்கு ஸ்ட்ரீமர் (நெட்வொர்க்ல இருந்து பாட்டை எடுத்து ஓட்டுற பெட்டி), டாக் (DAC, டிஜிட்டல் பாட்டை ஆம்ப்ளிஃபையருக்கான அனலாக் சிக்னலா மாத்துறது) தனித்தனியா வாங்கலாமா இல்ல எல்லாம் சேர்ந்த ஒரே பெட்டியான்னு கேட்டிருந்தேன்ல, கடைசில ராஸ்பெர்ரி பைங்கிற குட்டி கம்ப்யூட்டர்ல மூட் ஆடியோங்கிற (moOde) பாட்டு ஓட்டுற சாஃப்ட்வேர் போட்டு அதையே ஸ்ட்ரீமரா ஆக்கி, யூஎஸ்பில ஒரு டாக் சொருகிட்டேன். சிடி எல்லாம் தரம் குறையாத ஃப்ளாக் (FLAC) ஃபைலா ரிப் பண்ணி நாஸ்ல (NAS, வீட்டு நெட்வொர்க்ல இருக்குற ஸ்டோரேஜ் பெட்டி) ஏத்தியாச்சு.

முதல் வாரம் பாட்டு விட்டு விட்டு வந்துச்சு, டாக்தான் கோளாறுன்னு நினைச்சேன், ஆனா காரணம் வைஃபை. சிடி தரத்துக்கு நொடிக்கு 1411 கிலோபிட்தான், அதைவிட உசந்த தரமான 24 பிட் 192 கிலோஹெர்ட்ஸே 9 மெகாபிட் சொச்சம்தான், அதனால வேகம் பத்தாம இல்ல, சிக்னல் நிலையா நிக்கல, ஈதர்நெட் கேபிள் இழுத்ததும் ஒரு தடங்கல் கூட வரல.

தனித்தனியா வாங்குனதுல எனக்கு ரொம்ப திருப்தி. நாளைக்கே சாஃப்ட்வேர் சப்போர்ட் நின்னாலும் ஸ்ட்ரீமர மட்டும் மாத்துனா போதும், டாக் அப்படியே இருக்கும். லைவ் ரெக்கார்டிங் கேக்குறவங்க கேப்லெஸ் ப்ளேபேக் (ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவுல இடைவெளி விழாம ஓடுறது) இருக்கான்னு கண்டிப்பா பாத்துட்டு வாங்குங்க.