பழைய நோட்டின் நிலையைக் குறிக்கச் சொற்கள் வேண்டும் (வெள்ளிக்குள்)

திருச்சியிலிருந்து:

சொல்லாக்கக் குழுவினருக்கு வணக்கம். சனிக்கிழமை எங்கள் பள்ளியில் பழைய நாணயம், நோட்டுக் கண்காட்சி. ஒவ்வொரு நோட்டின் கீழும் அதன் நிலையைத் தமிழில் எழுத வேண்டும். அட்டைகள் வெள்ளி காலை அச்சுக்குப் போகின்றன. சேகரிப்பவர்கள் பயன்படுத்தும் படிகள், மேலிருந்து கீழாக, இவை: அன்சர்குலேட்டட் (புழக்கத்துக்கே வராதது), அபவுட் அன்சர்குலேட்டட், எக்ஸ்ட்ரீம்லி ஃபைன், வெரி ஃபைன், ஃபைன், வெரி குட், குட், ஃபேர், புவர்.

நேராகப் பெயர்த்தால் ஆபத்து. ‘வெரி குட்’ கீழிருந்து நான்காம் படி. பள்ளி நாளில் அந்தச் சொல்லை நம்பித் தபாலில் ஒரு நோட்டு வாங்கினேன். உறையைப் பிரித்தால் வாடிய வெற்றிலையாகத் தொங்கியது, நடு மடிப்பில் பொத்தல் வேறு. விற்றவர் படிநிலைப்படி சரியாகத்தான் எழுதியிருந்தார். பிள்ளைகளிடம் அதை ‘மிக நன்று’ என்று காட்ட எனக்கு மனம் வரவில்லை. பாராட்டுச் சொல்லே வேண்டாம். தாளுக்கு என்ன ஆயிற்று என்று சொல்லும் சொல் வேண்டும்.

முதல் படிக்கு ‘சலவை நோட்டு’ சரியா?

நாகர்கோவிலிலிருந்து:

சரியேதான் தம்பி. பொங்கலுக்குப் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுக்க வங்கியில் நாம் கேட்டு வாங்குவது சலவை நோட்டுத்தானே! மக்களே செய்துவைத்த சொல் இருக்கும்போது நாம் உட்கார்ந்து புதிதாக ஒன்று செய்ய வேண்டாம்.

கோவையிலிருந்து:

ஐயா, அங்கேதான் சிக்கல். பழைய நோட்டைக் கழுவி, இஸ்திரி போட்டு, புதுசு என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். அழுக்குப் போகும், மடிப்பு மங்கும்; கூடவே தாளின் மொடமொடப்பும் விரலுக்குத் தட்டுப்படும் அச்சு மேடும் போய்விடும். ‘சலவை செய்த நோட்டு’ என்று அதைத்தானே சொல்ல வேண்டும்? உச்சப் படிக்கும் ஏமாற்று வேலைக்கும் ஒரே சொல்லா?

தவிர, சலவை வடசொல்லான ஜலத்திலிருந்து வந்தது என்பார்கள். ‘புழங்காத்தாள்’ என்போம். ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், வலி மிகும். ஓடாக்குதிரை போல.

நாகர்கோவிலிலிருந்து:

அப்பர் தேவாரத்தில் சலம் பூவோடும் தூபத்தோடும் வருகிறது. 1,300 ஆண்டு குடியிருந்த சொல்லை இன்னும் அயலார் என்பதா? அதோடு, நோட்டின் சலவை வேறு வேர் என்பது என் துணிபு. புது நோட்டைச் சுண்டிப் பாருங்கள். ‘சலசல’ என்கிறதே, அதுதான். சலங்கையும் அப்படி வந்ததே. சிலம்பையும் இதில் சேர்க்க இடமுண்டு.

கோவையிலிருந்து:

சலங்கை சதங்கையின் திரிபு, ஐயா. கஞ்சி போட்டுச் சலவையிலிருந்து வந்த வேட்டியின் விறைப்பைத்தான் நோட்டுக்கு ஏற்றியிருக்கிறார்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

எங்கள் பக்கம் பேச்சில் தாள் காசு. மத்திய வங்கி எழுதுவது நாணயத்தாள். ‘தாள்’ என்று முடிவதால் புழங்காத்தாள் எனக்கு உடனே விளங்கியது. ஆனால் தம்பி, மடிப்பிலே வகை இல்லையா? அதற்கு எவரும் சொல் தரவில்லையே.

திருச்சியிலிருந்து:

அக்கா கேட்டதுதான் பெரிய கேள்வி. சர்வதேச வங்கித்தாள் சங்கத்தின் வரையறையில், இரண்டாம் படி நோட்டில் நடுவே ஒரு மெல்லிய மடிப்பு இருக்கலாம், இல்லையென்றால் மூலையில் காசாளர் எண்ணிய தடம் இருக்கலாம். இரண்டும் சேரக் கூடாது. மூன்றாம் படிக்கு மெல்லிய மடிப்பு மூன்று வரை, அல்லது கடுமையான மடிப்பு ஒன்று. ஆக, மடிப்பின் வகை தெரியாமல் படியைச் சொல்லவே முடியாது.

இப்போது என் கையில் ஒரு பழைய ஒரு ரூபாய், பின்பக்கம் சாகர் சாம்ராட் எண்ணெய்த் துரப்பண மேடை. நேரே பார்த்தால் மடிப்பே இல்லை. ஜன்னல் பக்கம் சாய்த்தால் நடுவே முடி கனத்தில் ஒரு நிழல் ஓடுகிறது. மை உடையவில்லை. அடுத்த நோட்டில் அதே இடத்தில் மை உதிர்ந்து வெள்ளைக் கோடு. முன்னதை மடிப்பு என்றும் பின்னதை ‘முறிமடிப்பு’ என்றும் எழுதட்டுமா?

அப்புறம், ஸ்டேப்பிள் பின் போட்ட துளை. முன்பெல்லாம் நோட்டுக் கட்டுகள் ஸ்டேப்பிள் அடித்தே வரும். 2001இல்தான் ரிசர்வ் வங்கி அதை நிறுத்தி, காகிதப் பட்டை சுற்றச் சொன்னது. அதனால் கட்டிலிருந்து நேராக எடுத்துவைத்த பழைய நோட்டிலும் துளை இருக்கும். ‘குறையிலாத் தாள்’ என்று எழுதினால் பொய்யாகிவிடும். புழங்காத்தாள் என்றால் துளையோடும் பொருந்துகிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து:

முறிமடிப்பு இங்கே குழப்பும். திறைசேரி முறி என்றால் எங்களுக்குக் கடன் பத்திரம்.

நாகர்கோவிலிலிருந்து:

முறிக்குப் பழைய பொருளே அதுதான், எழுதிய ஓலை! எவ்வளவு அழகாக அங்கே காப்பாற்றி வைத்திருக்கிறீர்கள். அப்படியானால் ‘வன்மடிப்பு’ போதும்.

திருச்சியிலிருந்து:

நன்றி. மணி பதினொன்று, அட்டையை முடிக்கிறேன். முதல் படி புழங்காத்தாள், அதன் கீழே சிறிய எழுத்தில் சலவை நோட்டு. மடிப்பு, வன்மடிப்பு இரண்டும் எண்ணிக்கையோடு. கீழ்ப்படிகளுக்குக் கசங்கியது, நைந்தது, கந்தல். இடைப்பட்ட ‘ஃபைன்’ மூன்றுக்கும் சொல் அமையவில்லை. அவற்றுக்கு எண் மட்டும் போடுகிறேன்.

நாகர்கோவிலிலிருந்து:

பெரிய எழுத்தில் வர வேண்டியது சலவை நோட்டு என்ற என் கருத்தில் மாற்றமில்லை, குறித்துக்கொள்ளுங்கள். சலங்கை பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.