ஆலிவ் எண்ணெயில் ஓசோன் விட்டுப் பார்த்தேன், கெட்டியாகவே இல்லை

பீளமேடு72 கேட்டது:
அம்மாவுக்குக் குதிகாலில் பித்தவெடிப்பு. ஓசோன் ஏற்றிய ஆலிவ் எண்ணெய் நல்லது என்று யாரோ சொல்ல, விலையைப் பார்த்தேன். சின்ன டப்பாவுக்கே தலை சுற்றியது. காய்கறி கழுவ வாங்கி, இரண்டே வாரத்தில் பரணுக்குப் போன ஓசோன் மெஷின் ஞாபகம் வந்தது. மணிக்கு 400 மில்லிகிராம் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் 200 மில்லி எண்ணெய் ஊற்றி, மீன்தொட்டிக் கல்லை உள்ளே போட்டு, மூன்று நாள் சாயங்காலம் நாலு நாலு மணி நேரம் ஓட்டினேன். வெள்ளையாகி வெண்ணெய் மாதிரி கெட்டியாகும் என்றார்கள். என்னுடையது லேசாக வெளுத்ததோடு சரி. நேற்று சுவிட்சை அணைத்ததும் எண்ணெய் குழாய் வழியே ஏறி மெஷினுக்குள்ளேயே போய்விட்டது. ரப்பர் குழாயும் வளையும் இடமெல்லாம் விரிசல். சமையலறையில் காரமாக ஒரு நெடி, மனைவி இருமிக்கொண்டே இருக்கிறாள். எங்கே தப்பு? தேங்காய் எண்ணெயில் செய்தால் சீக்கிரம் ஆகுமா?

தண்ணிகம்பெனி:
முதலில் அந்த பிளக்கைப் பிடுங்கி வையுங்கள் சார். உள்ளே இருப்பது உயர் மின்னழுத்தம். எண்ணெய் போன மெஷினை மறுபடி ஓட்டினால் தீப்பிடிக்கலாம்.

நான் கேன் தண்ணீர் கம்பெனிகளுக்கு ஓசோன் மெஷின் சர்வீஸ் செய்கிறவன். எண்ணெய் மேல் குற்றமில்லை, கணக்குதான் இடிக்கிறது. 100 கிராம் ஆலிவ் எண்ணெய் முழுக்க ஓசோனை வாங்கிக்கொள்ள ஏறக்குறைய 16 கிராம் வேண்டும். உங்கள் 200 மில்லி என்பது 180 கிராம் சொச்சம், ஆக 29 கிராம் ஓசோன். ஸ்டிக்கரை அப்படியே நம்பினாலும் 12 மணி நேரத்தில் 5 கிராம்கூடத் தேறாது. முழுசாக முடிக்க 70 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவும் குமிழியில் வருவது ஒரு சொட்டு வீணாகாமல் எண்ணெயில் இறங்கினால்!

வீணாகிறது என்பதற்கு அந்த நெடியே சாட்சி. எட்டு மணி நேர வேலைக்குக் காற்றில் ஓசோன் 0.1 பிபிஎம்தான் (பத்து லட்சத்தில் 0.1 பங்கு) வரம்பு என்று எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். மூக்கு அதற்கு முன்பே பிடித்துவிடும், ஆனால் கொஞ்ச நேரத்தில் பழகியும்விடும், அதுதான் ஆபத்து. சமையலறையில் இதைச் செய்யவே கூடாது.

இன்னொன்று, உங்கள் மெஷின் அறைக் காற்றை அப்படியே இழுக்கிறது. காற்றில் ஈரம் இருந்தால் ஓசோன் நன்றாகவே குறையும், கூடவே நைட்ரிக் அமிலமும் உண்டாகும். மழைக்காலத்தில் எனக்கு வரும் போன்களில் பாதி இந்தத் தொல்லைதான். அதனால்தான் பெரிய மெஷின்களுக்கு ஈரம் நீக்கிய காற்றையோ ஆக்சிஜனையோ கொடுக்கிறார்கள்.

எண்ணெய் மேலேறியதற்குக் காரணம் மெஷினைப் பாட்டிலுக்குக் கீழே வைத்தது. மேலே வைத்து, குழாயில் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வும் (ஒரு பக்கம் மட்டும் போகவிட்டு, திரும்பி வரவிடாதது) போட வேண்டும். குழாய் சிலிகான் அல்லது டெஃப்லான். ரப்பர் தாங்காது.

பொள்ளாச்சி வாத்தியார்:
ரப்பர் ஏன் தாங்காது என்பது சுவையான விஷயம். ஓசோன் தேடிப்போய்ப் பிளப்பது கார்பன் இரட்டைப் பிணைப்பை, அதாவது இரண்டு கார்பன் அணுக்கள் இரட்டையாகக் கோத்திருக்கும் இடத்தை. ஆலிவ் எண்ணெயின் முக்கியக் கொழுப்பு அமிலமான ஒலியிக் அமிலத்தில் அது இருக்கிறது, இயற்கை ரப்பரிலும் இருக்கிறது. எண்ணெய்க்குப் போக வேண்டியதில் ஒரு பங்கை உங்கள் குழாய் சாப்பிட்டிருக்கிறது!

தேங்காய் எண்ணெய் கேட்டீர்களே, எங்கள் ஊர்ச் சரக்கை நானே விட்டுக்கொடுக்கிறேன்: சரிப்படாது. இரட்டைப் பிணைப்பு எவ்வளவு என்று அயோடின் எண் சொல்லும். ஆலிவுக்கு 75க்கு மேல், தேங்காய்க்குப் பத்தை ஒட்டித்தான். ஓசோனுக்கு அங்கே வேலையே இல்லை. மார்கழிக் குளிரில் அது உறைவதைப் பார்த்து ஓசோன் ஏறிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். ஆலிவும் ஃபிரிட்ஜில் உறையும். உறுதியான சோதனை தராசுதான். ஓசோன் ஏற ஏற எண்ணெயின் எடை கூட வேண்டும்.

மருந்துக்கடை அக்கா:
தம்பி, அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறதா? அதை யாருமே கேட்கவில்லையே. கியூபாவில் சூரியகாந்தி எண்ணெயில் ஓசோன் ஏற்றி, ஓலியோசோன் என்ற பெயரில் சேற்றுப்புண்ணுக்கு மருந்தாகவே தருகிறார்கள். ஆனால் அது அளவு பார்த்து ஆலையில் செய்வது. உங்கள் பாட்டிலில் ஓசோன் ஏறியதால் உண்டான பெராக்சைடு எவ்வளவு, குழாயிலிருந்து கரைந்தது எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? வெடித்த தோலில் தடவினால் எரியும். வெறும் பித்தவெடிப்பு என்றால் யூரியா கிரீம் போதும். சர்க்கரை இருந்தால் அதுகூட டாக்டர் காலைப் பார்த்த பிறகுதான்.

பீளமேடு72:
அக்கா, சர்க்கரை உண்டு. பத்து வருஷமாக மாத்திரை. அதைச் சொல்லாமல் விட்டேன். வெள்ளிக்கிழமை டாக்டரிடம் கூட்டிப்போகிறேன், எண்ணெயைத் தொடவிடவில்லை.

தண்ணிகம்பெனி அண்ணா, மெஷினை அப்புறம் போடவே இல்லை. அந்தக் குழாயை மட்டும் கழற்றி விரலில் சுற்றிப் பார்த்தேன். பொரித்த அப்பளம் மாதிரி மூன்று துண்டாகப் போயிற்று.