வால்பாறையில் மேடு ஏறாத கார், மஞ்சள் லைட் மினுக்குது. அவசரம்!

மழையில்_மாட்டினவன் | இரவு 9:12
வால்பாறைல தங்கியிருக்கோம். வாசல்ல இருந்து ரோட்டுக்கு ஒரு மேடு, கார் ஏற மாட்டேங்குது. ஆக்சிலேட்டரை மிதிச்சா இன்ஜின் அடங்கிப் போகுது. மீட்டர்ல கார் வழுக்குற படம் போட்ட மஞ்ச லைட் மினுக்குது. காலைல 6 மணிக்குக் கிளம்பணும். இங்க மெக்கானிக் யாராவது தெரியுமா?

சாலைப்புழு | 9:16
என்ன வண்டி? மண்ணா, சிமென்ட்டா? எத்தனை பேர் உள்ள?

கியர்_மாமா (5,812 பதிவுகள்) | 9:20
டேஷ்போர்டுக்குள்ள மேனுவல்னு ஒண்ணு தூங்கும், எழுப்பிப் பாருங்க சார். மினுக்கினா டிராக்ஷன் கன்ட்ரோல், அதாவது சக்கரம் வழுக்கிச் சுத்தாம தடுக்குற அமைப்பு, வேலை செய்யுதுன்னு அர்த்தம். மினுக்காம நின்னு எரிஞ்சாதான் ஆஃப்ல இருக்கு, இல்ல கோளாறு. நல்லா இருக்குற வண்டிக்கு ராத்திரில மெக்கானிக்!

கோவை_பாய் | 9:23
டீசல் ஃபில்டர்ல தண்ணி இறங்கியிருக்கும். என் வண்டிக்கும் இதேதான்.

சாலைப்புழு | 9:24
பாய், டீசல்னு அவர் சொல்லவே இல்லையே.

மழையில்_மாட்டினவன் | 9:31
பெட்ரோல். சாதாரண ஹேட்ச்பேக்தான். செம்மண். ஆஃப் பண்ண ஒரு பட்டன் இருக்கு, தொடவே பயமா இருக்கு.

எஸ்டேட்_அண்ணன் | 9:40
பயப்படாதீங்க தம்பி. ஒரு சக்கரம் மத்ததைவிட வேகமா சுத்துதுன்னு சக்கர வேகத்தைப் பார்க்குற ஏபிஎஸ் சென்சார் சொன்னதும், டிராக்ஷன் கன்ட்ரோல் அந்தச் சக்கரத்துக்கு பிரேக் போட்டு, இன்ஜின் இழுவையையும் குறைச்சிடும். தார் ரோட்டுல அது உயிர் காக்கும். சேத்துல கொஞ்சம் சுத்தினாத்தான் அடியில கெட்டித் தரை பிடிக்கும், அதுக்கும் விடாது. மேடு ஏற மட்டும் ஆஃப் பண்ணுங்க, ரோட்டுக்கு வந்ததும் மறக்காம ஆன். டயர் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு? டிக்கில என்ன இருக்கு?

மழையில்_மாட்டினவன் | 9:52
52,000. மாத்தல. அஞ்சு பேர், பெட்டி எல்லாம் டிக்கில.

சாலைப்புழு | 9:54
இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே!

எஸ்டேட்_அண்ணன் | 10:01
அதான் விஷயம். உங்க வண்டிக்கு முன்சக்கரம்தான் இழுக்கும். மேட்டுல பாரம் பின்னால சாயும், டிக்கி வேற நிறைஞ்சிருக்கு, முன்பக்கம் பிடியே இருக்காது. பெட்டியை இறக்குங்க, ஆளுங்க நடக்கட்டும், ரிவர்ஸ்ல ஏத்துங்க. பாரம் இழுக்குற சக்கரத்து மேல வரும். கவாத்து வெட்டின தேயிலைக் குச்சி கிடந்தா சக்கரத்தடியில பரப்புங்க. இருட்டுல வேணாம், விடிஞ்சதும் செய்யுங்க. வண்டிக்குக் கீழ்ப்பக்கம் ஒருத்தரும் நிக்கக் கூடாது. காலுக்கு உப்பு தடவிக்கோங்க, அட்டை ஏறும்.

கோவை_பாய் | 10:05
டயர்ல காத்தைப் பாதியாக் குறைச்சா போதும். ஆழியாருக்கு இறங்குறப்போ நியூட்ரல்ல விடுங்க, பெட்ரோலும் மிச்சம்.

கியர்_மாமா | 10:07
40 கொண்டை ஊசி வளைவுல நியூட்ரலா? பாய், உங்களுக்குப் புண்ணியமாப் போகும், கொலை பண்ணாதீங்க. கியர்ல போட்டபடியே ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தா, இன்ஜினுக்குப் பெட்ரோல் தெளிக்கிற இன்ஜெக்டர் பெட்ரோலையே நிறுத்திடும். நியூட்ரல்லதான் இன்ஜின் அணையாம சும்மா ஓடுறதுக்குக் குடிக்கும். அந்தக் காத்து யோசனையும் சேத்தோட சரி. ஈரத் தார்ல காத்து குறைஞ்சா டயர் தண்ணி மேல மிதக்கும்.

கோவை_பாய் | 10:10
30 வருஷமா ஓட்டுறேன்.

கியர்_மாமா | 10:11
இன்ஜெக்டர் வர்றதுக்கு முந்தின கார்புரேட்டர் காலத்துல இருந்து, தெரியுது.

சாலைப்புழு | 10:15
இறங்குறப்போ ரெண்டாவது கியர், வளைவுக்கு முன்னாடியே பிரேக், வளைவுக்குள்ள வேணாம். 9-வது வளைவுல வரையாடு பார்க்க வண்டிங்க நிக்கும், அங்க மெதுவா. டயர் காடியோட (வரிப்பள்ளம்) ஆழம் 1.6 மி.மீ.க்குக் குறைஞ்சிருந்தா பொள்ளாச்சிலயே மாத்திடுங்க. டயர் போட்டோ போட முடியுமா?

மழையில்_மாட்டினவன் | காலை 7:48
ரிவர்ஸ்ல ஏறிடுச்சு. ரெண்டாவது தடவைல. நன்றி அண்ணா. டவர் இல்ல.

சாலைப்புழு | 8:02
டிராக்ஷன் கன்ட்ரோலை ஆன் பண்ணீங்களா?

சாலைப்புழு | 11:30
தம்பி?

கோவை_பாய் | 11:41
நியூட்ரல்ல இறங்கியிருந்தா இந்நேரம் வந்து சேர்ந்திருப்பார்.