சிப்பார் பூசாரி கையில சாமி உருவம் கிடைச்சது தற்செயலா, செட்டப்பா?

ஈரநதி:
பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கற சூரியக் கடவுள் கல்பலகை பத்தி ஒரு வாரமா படிச்சிட்டிருக்கேன், மண்டைக்குள்ள அதேதான் ஓடுது. இடம் பாபிலோனியாவுல (இப்போ இராக்) சிப்பார் நகரம், சூரியக் கடவுள் ஷமாஷோட கோயில், கிமு 9ஆம் நூற்றாண்டு. சுத்தீயர்கள்ங்கற நாடோடி இனத்தோட தாக்குதல்ல சாமி சிலை காணாமப் போயி ஒரு நூறு வருஷத்துக்கு மேல சிலையே இல்லாம கிடந்த கோயில், அப்போ யூப்ரடீஸ் ஆத்தோட மேற்குக் கரையில சுட்ட மண்ணுல செஞ்ச ஷமாஷ் உருவம் ஒண்ணு கிடைக்குது, அதை நபு-நாதின்-ஷுமிங்கற பூசாரி கொண்டுபோய் ராஜா நபு-அப்ல-இத்தினா கிட்ட காட்டறார், ராஜா முகம் மலர்ந்துபோய் அதே மாதிரி தங்கத்துலயும் லாபிஸ் லசூலிங்கற நீலக் கல்லுலயும் புதுச் சிலை செய்யச் சொல்றார், கையோட பூசாரிக்கு வருமானமும் எழுதி வெச்சிடறார். இவ்ளோ கரெக்டா எப்படிங்க கிடைக்கும்? ஒரு பூசாரி குடும்பத்துக்கு ராஜாவையே அசைக்கற செல்வாக்கு இருந்துச்சா?

பழையஓடு:
செல்வாக்கு ஒரே நாள்ல வந்தது இல்ல நண்பரே, அதே பலகையில மேல இருந்து படிச்சுட்டு வாங்க. சிலை போனதும் மொதல்ல சிம்பர்-ஷிபாக்னு ஒரு ராஜா தேடிப் பாக்கறார், கிடைக்கல, அதனால சிலைக்குப் பதிலா ஒரு சூரியத் தட்டை வெச்சு பூஜைய ஆரம்பிச்சு எகூர்-ஷும்-உஷப்ஷிங்கற பூசாரியை நியமிக்கறார். நபு-நாதின்-ஷுமி இவரோட வம்சம்தான். அப்பறம் வந்த ஒரு ராஜா காலத்துல பஞ்சம், படையல் நின்னுபோச்சு. அதுக்கடுத்து வந்த எயுல்மஷ்-ஷாகின்-ஷுமி கிட்ட எகூர்-ஷும்-உஷப்ஷி நேர்ல போயி சாமிக்குப் படையலே நின்னுபோச்சுன்னு முறையிடறார். கிடைச்சது என்ன தெரியுமா, பாபிலோன் பெரிய கோயில் பங்குல இருந்து ஒரு சிலா மாவு, ஒரு சிலா பீர், அப்பறம் பாபிலோன்ல ஒரு தோட்டம். சிலாங்கறது கிட்டத்தட்ட ஒரு லிட்டர்தான். ஒரு பெரிய சாமி கோயிலுக்கு அவ்வளவுதான்! அதைக் கூட மறக்காம கல்லுல ஏத்தி வெச்சிருக்காங்கன்னா அந்தக் குடும்பம் யார் எப்போ என்ன குடுத்தாங்கன்னு தலைமுறை தாண்டியும் கணக்கு வெச்சிருந்துச்சுன்னு அர்த்தம். அந்தக் கணக்குதான் அவங்க பலம்னு நான் நினைக்கறேன்.

நாணல்கரை:
நானும் செட்டப்னுதான் நினைக்கறேன், ஆராய்ச்சியாளர்கள்லயும் அப்படி சந்தேகப்படறவங்க உண்டு. காரணம், இதே சிப்பார்ல சிலுவை வடிவத்துல பன்னிரண்டு பக்கம் எழுத்து உள்ள கல் ஒண்ணு கிடைச்சிருக்கு. ரொம்பப் பழைய காலத்து அக்காத் பேரரசோட ராஜா மானிஷ்டுஷு, அதை உருவாக்கின சர்கோனோட பையன், இந்தக் கோயிலுக்கு அள்ளிக் குடுத்ததா அதுல இருக்கு. ஆனா அது அந்த ராஜா காலத்துக்கு ரொம்பப் பின்னாடி கோயில்காரங்களே செஞ்சதுன்னு இப்போ கிட்டத்தட்ட எல்லாரும் ஒத்துக்கறாங்க, அதுல கடைசியில இது பொய்யில்ல, நிஜம்தான்னு வேற எழுதியிருக்கு. அதே கோயில், வருமானத்துக்காக பழைய ராஜா பேரைச் சொல்ற அதே வழக்கம், அப்பறம் மண் உருவம் கிடைச்சதை மட்டும் எப்படி அப்படியே நம்பறது?

பழையஓடு:
அந்தக் கல்லு போலிதான், ஒத்துக்கறேன், ஆனா அதை வெச்சு நபு-நாதின்-ஷுமியை ஃப்ராடுன்னு முத்திரை குத்த எனக்கு மனசு வரல. சாமியோட உருவம் இப்படித்தான்னு ஒரு சாட்சி இல்லாம அவங்க இஷ்டத்துக்கு சிலை செய்ய முடியாது, செஞ்சாலும் சிலைக்கு உயிர் குடுக்கற வாய் கழுவற சடங்கு முடிஞ்சாதான் அது சாமி. ஆத்துக்கரையில கிடைச்சதுன்னு மட்டும்தான் ஷமாஷ் பலகையில இருக்கு, நிஜமா அந்த சாட்சியை எங்கயோ தேடிப் பிடிச்சாரா, வீட்டுலயே காலங்காலமா பத்திரமா இருந்துச்சா, புதுசா செஞ்சாரான்னு அது சொல்லல. ஆனா ராஜாவுக்கும் இது தேவைப்பட்டுச்சு, முந்தின ராஜாக்களால முடியாததை நான் முடிச்சேன்னு சொல்லிக்கலாம்ல.

ஈரநதி:
வருமானம்னா எவ்வளவு குடுத்தாங்க?

நாணல்கரை:
ராஜா குடுக்கற பலி ஆட்டுல பூசாரி பங்கு என்னென்னன்னு உறுப்பு உறுப்பா இருக்கு, தோல், இடுப்புக் கறி, பாதி இரைப்பை, பாதி குடல், ஒரு பானை கறிச்சாறு. அப்பறம் குறிப்பிட்ட நாட்கள்ல சாமிக்கு வர்ற துணிமணி. இதை மீறறவனுக்கு சாபம், பக்கத்துல அதிகாரிங்க பேர் போட்டு சாட்சி. நாளைக்கு எவனும் வந்து கைவைக்க முடியாதபடி பக்காவா எழுதியிருக்காங்க, இந்த மாதிரி பங்கெல்லாம் அப்பா பிள்ளைன்னு போற சொத்து, பிற்காலத்துல நாள் கணக்குலயும் நாளுக்குள்ள பின்ன கணக்குலயும் வித்து வாங்கியிருக்காங்க.

பழையஓடு:
செல்வாக்கு பத்தி கேட்டீங்கல்ல ஈரநதி, எழுத்தை விட்டுட்டு மேல இருக்கற படத்தைப் பாருங்க. மொத்தப் பலகையே சுமார் 29 செமீ உயரம்தான். பந்தல் மாதிரி ஒரு கூடாரத்துக்குள்ள ஷமாஷ் உக்காந்திருக்கார், முன்னாடி மேஜை மேல பெரிய சூரியத் தட்டு, அதைப் பாத்து மூணு பேர் வர்றாங்க. பின்னாடி ஒரு பெண் தெய்வம், நடுவுல ராஜா. சாமிக்குப் பக்கத்துல முதல் ஆளா நிக்கறது பூசாரி, ஒரு கை மேஜையைத் தொட்டிருக்கு, இன்னொரு கை ராஜாவோட கையைப் பிடிச்சு கூட்டிட்டு வருது. சுமார் 250 வருஷம் கழிச்சு நபோபொலாசர்ங்கற பாபிலோன் ராஜா காலத்துல இந்தப் பலகையை மண் உறை போட்டு மண் பெட்டியில வெச்சு பத்திரப்படுத்தியிருக்காங்க, 1881ல தொல்லியல் ஆய்வாளர் ஹோர்முஸ்த் ரஸ்ஸாம் தோண்டி எடுத்தப்பவும் அது அந்தப் பெட்டிக்குள்ளதான் இருந்துச்சு.