பிவிசி குழாய்க்கு எர்த் கம்பி சுத்தாதவன் தச்சன் இல்லையாம்!

கெமண்டைன் தச்சன்
போன வாரம் மாண்டலே மரக்கடை அண்ணன் இங்க ஒரு தீர்ப்பு எழுதிட்டுப் போனாரு. "பிவிசி குழாய்ல மரத்தூள் உறிஞ்சினா ஸ்டாடிக்ல (உரசி உரசிச் சேர்ற கரண்டுல) பட்டறையே வெடிக்கும், செம்புக் கம்பி சுத்தி எர்த் பண்ணாதவன் தச்சனே இல்ல." படிச்சதுலேர்ந்து வயிறு எரியுது எனக்கு. எங்க அப்பா காலத்துலேர்ந்து ரங்கூன்ல தேக்கு இழைக்கிற குடும்பம் நாங்க. வீட்டுக்குப் பின்னாடி 12க்கு 15 அடி பட்டறை, அதுல நானே கையால போட்ட தூள் உறிஞ்சுற செட்டு, ஒரு குதிரைசக்தி புளோவர், 4 இஞ்ச் பிவிசி குழாய், புளோவருக்கு முன்னாடி தகரத்துல அடிச்ச சைக்ளோன் (காத்தைச் சுழல விட்டுத் தூளைப் பிரிக்கிறது), அதுக்குக் கீழ மூடி போட்ட டிரம். மூணு வருசமா ஓடுது. ஒரு முழம் செம்புக் கம்பி கிடையாது.

பிவிசி கரண்ட் கடத்தாத சாமான். கடத்தாத சாமானுக்கு எப்படிண்ணே எர்த் குடுப்பீங்க? கம்பி தொடுற இடத்துல சார்ஜ் இறங்கும், ரெண்டு விரக்கடை தள்ளி அப்படியே நிக்கும். இது தெரியாம தச்சன் இல்லேன்னு சொல்ல நீங்க யாரு?

மாண்டலே மரக்கடை
தம்பி, உங்க ஊர்ல மே மாசம் பிடிச்ச மழை அக்டோபர் வரைக்கும் விடாது, செவுரெல்லாம் பாசி. அந்த ஈரத்துல ஸ்டாடிக் எங்க நிக்கும்? மாசி மாசம் இங்க வாங்க. சாண்டர் (உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற மெசின்) ஓடும்போது குழாய் பக்கம் கை போனா சுளீர்னு அடிக்குது. என் மகன் அப்படித்தான் அடி வாங்கி கையை வெடுக்குன்னு இழுத்தான், ஒரு சாண் தூரத்துல ரம்பம் சுத்திட்டு இருந்துச்சு. கம்பி சுத்தினேன், அடி நின்னுச்சு. கண்ணால பார்த்தவன் சொல்றேன்.

கெமண்டைன் தச்சன்
அடிக்கிறது வேற, வெடிக்கிறது வேற. நீங்க எழுதினது "வெடிக்கும்".

கணக்கு சொல்றேன் கேளுங்க. சீவல் குழாய்ல படுத்துக்காம ஓடணும்னா காத்து நிமிசத்துக்கு 4000 அடி வேகத்துல போகணும், 4 இஞ்ச் குழாய்ல அது நிமிசத்துக்கு 350 கன அடி, அதாவது ஏறக்குறைய 10 கனமீட்டர். மரமாவு வெடிக்கணும்னா ஒரு கனமீட்டர் காத்துல சுமார் 40 கிராமாவது மிதக்கணும். அப்ப நிமிசத்துக்கு 400 கிராம், கால் மணி நேரத்துல 6 கிலோ மாவு! எந்த சாண்டர் அவ்வளவு தள்ளுது? உங்க கடையில தள்ளுதா?

பொறுமைசாலி
முதல்ல ஒண்ணு தெளிவு பண்ணிக்கலாமே. ரெண்டு பேரும் "தூள்"ங்கிறீங்க. இழைப்புல வர்ற சீவலா, ரம்பத்தூளா, சாண்டர் மாவா? மூணும் ஒரே மாதிரி எரியாது.

மாண்டலே மரக்கடை
குழாய்க்குள்ள மட்டும் கணக்குப் போட்டா ஆச்சா? டிரம்மைக் கொட்டும்போது, பையை உதறும்போது ஆளே தெரியாத அளவுக்குப் பொகையா கிளம்புதே, அப்ப எத்தனை கிராம்?

கெமண்டைன் தச்சன்
பேச்சு பையைப் பத்தி இல்ல, கம்பியைப் பத்தி.

பைன்னதும் இதையும் சொல்லிடறேன், ஏன்னா உண்மையில தீ எங்க பிடிக்கும்னு யாரும் இங்க பேசவே இல்ல. சைக்ளோன் போடுறதுக்கு முன்னாடி தூள் நேரா புளோவர் வழியாத்தான் பைக்குப் போகும். இடிச்ச வீட்டுத் தேக்குப் பலகை ஒண்ணு, ஆணியெல்லாம் பிடுங்கியாச்சுன்னு நினைச்சேன், ஒரு ஆணி முனை உள்ளயே இருந்திருக்கு. அது குழாய்ல உறிஞ்சப்பட்டுப் போயி புளோவரோட இரும்பு விசிறியில டங்குன்னு அடிச்சுது. நான் கண்டுக்கல. ராத்திரி சாப்பிட்டுட்டு உக்காந்திருக்கேன், கருகுன வாசனை. போய்ப் பார்த்தா பைக்குள்ள தூள் கங்கு மாதிரி உள்ளயே கனன்னுக்கிட்டு இருக்கு. அன்னைக்கு மட்டும் வீட்ல ஆள் இல்லாம போயிருந்தா பட்டறையும் போயிருக்கும் வீடும் போயிருக்கும். அதுக்கு அப்புறம்தான் சைக்ளோனை முன்னாடி வச்சேன், கனமானதெல்லாம் டிரம்லயே விழுந்துடும், விசிறி வரைக்கும் போகாது. பத்து சுத்து செம்புக் கம்பி இருந்திருந்தா அந்த ஆணியைத் தடுத்திருக்குமா?

மாண்டலே மரக்கடை
ஆக உங்க பட்டறையில தீப்பிடிச்சிருக்கு. "மூணு வருசமா ஓடுது"ன்னு பெருமை அடிச்சீங்க.

கெமண்டைன் தச்சன்
சைக்ளோன் வச்சு மூணு வருசம்! மேல எழுதினதை இன்னொரு தடவை படிங்க.

பெகு அக்கா
சைக்ளோன் சைக்ளோன்னு எழுதறீங்களே, 2008 நர்கிஸ் புயல்ல ஐராவதி டெல்டா பக்கம் சொந்தக்காரங்களைப் பறிகொடுத்தவ நான். வேற பேரு வைக்கக் கூடாதா?

தட்டோன் பையன்
அக்கா அந்த மெசினுக்கு உலகம் பூரா அதான் பேரு, காத்து சுழன்று தூளை ஓரத்துக்குத் தள்ளும், அது கீழ விழும்.

பெகு அக்கா
எனக்கே பாடமா தம்பி? எங்க அப்பா படாக் மரத்துலயே வாழ்ந்தவரு. புத்தாண்டுத் தண்ணித் திருவிழாவுக்கு அந்தப் பூவைத் தலையில வச்சுக்கிட்டு ஊரே சந்தோசமா இருக்கும், அதே மரத்தோட சிவப்புத் தூள்ல அவருக்கு தும்மல், அரிப்பு, கடைசியில மூச்சே இழுக்க முடியல. மரத்தூள் புத்துநோய் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட ஆராய்ச்சி மையம் 1995லயே முதல் பட்டியல்ல போட்டுடுச்சு, மூக்குக்குள்ள வர்ற புத்துநோய். கண்ணுக்குத் தெரியாத நைஸ் மாவு உங்க துணிப்பை வழியா திரும்ப ரூமுக்குள்ளயேதான் வருது. வெடிக்குமா வெடிக்காதான்னு அடிச்சுக்கிறீங்க, மாஸ்க் போடுறீங்களா யாராவது?

கெமண்டைன் தச்சன்
அக்கா சொல்றது நியாயம். நான் பையைத் தூக்கிட்டு புளோவர் வாயை செவுத்துக்கு வெளிய விட்டுட்டேன், சாண்டர் போடும்போது மாஸ்க்கும் உண்டு. ஆனா அண்ணன் இன்னும் கம்பிக்குப் பதில் சொல்லல.

தட்டோன் பையன்
ஒரு டவுட். வேலை நடுவுல கரண்ட் போயிடுது, புளோவர் நின்னதும் மேல ஏறுற குழாயில இருக்கிற சீவல் பூரா கீழ இறங்கி எல்போவுல (90 டிகிரி வளைவுல) அடைச்சுக்குது. ஜெனரேட்டர்ல போட்டா ஸ்டார்ட் ஆகும்போது ஜெனரேட்டரே முக்குது. என்ன பண்றது?

கெமண்டைன் தச்சன்
எல்போ போட்டது தப்பு, ரெண்டு 45 டிகிரி பெண்டு போடு. மேல ஏறுற குழாய்க்கு அடியில ஒரு டி (மூணு வாய் இணைப்பு) வச்சு மூடி போட்டுக்கோ, அடைச்சா கழட்டி தட்டிடலாம். மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது அஞ்சாறு மடங்கு இழுக்கும், சின்ன ஜெனரேட்டர் தாங்காது.

மாண்டலே மரக்கடை
தட்டும்போது சுளீர்னு அடிக்கும் தம்பி. கம்பி சுத்திட்டுத் தட்டு.

கெமண்டைன் தச்சன்
மறுபடியும் கம்பி! பீலிக்கான் கோயில் திருவிழாவுல என்கிட்ட வாங்கிட்டுப் போனீங்களே நாலு ஜி கிளாம்ப், ரெண்டு வருசமாச்சு, அதைப் பத்தி ஒரு வார்த்தை வராது, கம்பி மட்டும் வரும்.

மாண்டலே மரக்கடை
ஊர் நடுவுல கிளாம்ப் கணக்கு பேசுற ஆளா நீங்க? அதுல ரெண்டு மரை தேஞ்சது. பஸ்ல போட்டு அனுப்பறேன், கூடவே பத்து முழம் செம்புக் கம்பியும் வரும்.

பொறுமைசாலி
சீவலா மாவான்னு கேட்டேன்.

கெமண்டைன் தச்சன்
கிளாம்ப் நாலும் வரட்டும். கம்பியை நீங்களே வச்சுக்கோங்க. கடத்தாத குழாய்க்கு எர்த் எப்படின்னு நான் கேட்டது அப்படியே நிக்குது.