ஊசியின் காதும் கழுகின் செட்டையும்: வேதபாடக் கூட்டங்களில் உவமைகள் படும் பாடு

வேப்பேரி வாசகர்

சென்னையில் வீட்டுக் கூட்டமோ ஞாயிறு பள்ளியோ நடத்துகிற எல்லோருக்கும் இது எதிர்ப்படும். வசனத்தில் உவமை வந்தவுடன் ஒருவர் அதைச் சட்டமாக எடுத்துக்கொள்வார். இன்னொருவர் அதில் வரும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு மறைபொருள் சொல்வார். எந்த வசனத்தில் சறுக்குகிறது, ஏன் சறுக்குகிறது, எப்படித் திருத்தலாம் என்று எழுதுங்கள். சாட்சி சொல்ல வேறு இடம் இருக்கிறது, இங்கே வசன எண்ணும் விஷயமும் போதும்.

பள்ளித் தமிழில் படித்ததையே முதலில் கையில் எடுக்கலாம்: உவமை, உவமேயம், உவம உருபு, பொதுத்தன்மை. இவற்றில் பொதுத்தன்மையைத்தான் ஆளுக்கு ஆள் மாற்றிவிடுகிறார்கள். தொல்காப்பியத்தின் உவமவியல், உவமை தோன்றும் இடங்களை வினை, பயன், மெய், உரு என்று நான்காகப் பிரிக்கிறது. செயலா, விளைவா, வடிவா, நிறமா என்று கேட்டுப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீரும். 1 தெசலோனிக்கேயர் 5:2-ல் கர்த்தருடைய நாள் இரவிலே திருடன் வருகிறவிதமாய் வரும். ஒப்புமை வினையில் மட்டும்தான்: சொல்லாமல் வருவது. திருடனின் குணம் அந்த வாக்கியத்துக்குள்ளேயே வரவில்லை. உன்னதப்பாட்டு 4:1-ல் கூந்தல் வெள்ளாட்டு மந்தையைப் போலிருக்கிறது என்றதும் வாலிபர் கூட்டங்களில் சிரிப்பு எழும். அந்த நாட்டு வெள்ளாடுகள் பெரும்பாலும் கறுப்பு. கீலேயாத் மலைச்சரிவில் மந்தை இறங்குவதைத் தூரத்திலிருந்து பார்த்தால் கருமையும் அலைவும் தெரியும். அடுத்த வசனத்தில் பற்கள், மயிர் கத்தரித்துக் குளிப்பாட்டிய ஆடுகள்: நிறம் வெண்மை. எல்லாம் இரட்டைக்குட்டி ஈன்றவை என்பதால் மேல்வரிசையும் கீழ்வரிசையும் ஜோடி தவறாமல் இருப்பது வடிவு. இதை இரண்டு நிமிடம் விளக்கினால் சிரிப்பு நின்றுவிடும், பாட்டு எவ்வளவு நுட்பமானது என்பதும் புரியும்.

பெரம்பூர், ஞாயிறு பள்ளி ஆசிரியை

நம் ஊர்ப் பழமொழிகள் வசனத்துக்குள் நுழைந்துவிடுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் ஐயா. கடுகு விதை உவமையை (மாற்கு 4:31-32) ஆரம்பித்தாலே 'கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது' என்று யாராவது முடித்துவைக்கிறார்கள். பழமொழி பேசுவது காரத்தை. இயேசு சொன்னதில் காரம் என்ற பேச்சே கிடையாது. விதைக்கும்போது எவ்வளவு சிறிது, வளர்ந்தபின் எவ்வளவு பெரிது, பறவை வந்து தங்கும் அளவுக்கு எப்படிக் கிளை விட்டது என்பதுதான் அங்கே விஷயம். கலிலேயாவில் கறுப்புக் கடுகுச் செடி ஆளுயரம் தாண்டி, 2 மீட்டருக்கு மேலும் வளரும். சென்னைப் பிள்ளைகளுக்குக் கடுகு தாளிப்புக் கரண்டியில்தான் பழக்கம், செடியைப் பார்த்திருக்க மாட்டார்கள். செடியின் படத்தைக் காட்டிவிட்டுப் பாடத்தைத் தொடங்கினால் பழமொழி குறுக்கே வராது.

உப்பும் அப்படியே. 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' நமக்கு நன்றியைச் சொல்லும். மத்தேயு 5:13-ல் நன்றி எங்கே? சாரமற்றுப்போனால் வெளியே கொட்டப்படும் என்பதில்தான் வாக்கியம் முடிகிறது. உப்பு எப்படிச் சாரமற்றுப் போகும் என்று பிள்ளைகள் கேட்பார்கள், நல்ல கேள்வி. சவக்கடல் பக்கத்து உப்பில் வேறு தாதுக்களும் கலந்திருக்கும். ஈரம் பட்டு உப்புப் பகுதி கரைந்து ஓடிவிட்டால், பார்வைக்கு உப்பு மாதிரியே ஒரு சக்கை மிஞ்சும். கடையில் வாங்கும் பாக்கெட் உப்பை வைத்து இதை விளக்க முடியாது.

அண்ணாநகர், வாலிபர் கூட்டம் நடத்துபவர்

கழுகு! ஏசாயா 40:31 வந்தால் போதும், அந்தக் கதை வந்துவிடும். நாற்பது வயதில் கழுகு மலையுச்சிக்குப் போய், அலகைப் பாறையில் மோதி உடைத்து, நகங்களையும் இறகுகளையும் பிடுங்கிப்போட்டு, 150 நாள் காத்திருந்து, இன்னும் முப்பது வருடம் வாழுமாம். பிரசங்கத்திலும் வாட்ஸ்அப்பிலும் இது சுற்றாத வருடம் இல்லை. உண்மையில் அப்படி எந்தக் கழுகும் செய்வதில்லை. அலகை இழந்த கழுகு இரையைக் கிழிக்க முடியாமல் பட்டினியில் செத்துவிடும். இறகுகள் ஒரே சமயத்தில் உதிர்வதும் இல்லை. சில சிலவாக விழுந்து முளைப்பதால்தான் அந்த நாட்களிலும் அதனால் பறக்க முடிகிறது.

பொய்யான விவரம் என்பதோடு இது நிற்கவில்லை. கழுகு தன்னைத்தானே வருத்திப் புதிதாகிறது என்கிறது கதை. வசனமோ கர்த்தருக்குக் காத்திருக்கிறவர்கள் புதுப்பெலன் அடைவார்கள் என்கிறது. நேர் எதிர்த் திசை. 28-ஆம் வசனத்திலிருந்து வாசித்தால் சோர்ந்துபோகாத தேவன், இளைஞரும் இளைப்படைவது, பிறகு கழுகு என்று வரிசை தெரியும். 27-ஐயும் விடக்கூடாது, தன் வழி கர்த்தருக்கு மறைவாயிற்று என்று இஸ்ரவேல் முறையிடும் இடம் அது. கழுகு வெப்பக்காற்றில் ஏறிச் சுற்றும்போது இறக்கையை அடிப்பது குறைவு என்பது மெய்யான விவரம். அதைச் சொன்னாலே கேட்கிறவர்களுக்கு வசனம் விளங்கிவிடும், கற்பனை தேவையில்லை.

மயிலாப்பூர்

மேலே சொன்னதற்குத் துணையாக இன்னொரு கதை. ஐசுவரியவான் தேவனுடைய ராஜ்யத்தில் பிரவேசிப்பதைவிட ஒட்டகம் ஊசியின் காதில் நுழைவது எளிது என்ற வசனத்துக்கு (மாற்கு 10:25) சொல்வது. எருசலேமில் 'ஊசியின் காது' என்று ஒரு குட்டி வாசல் இருந்தது, ஒட்டகம் சுமையை இறக்கி மண்டியிட்டு நுழையும் என்பார்கள். இயேசுவின் காலத்தில் அப்படியொரு வாசல் இருந்ததற்கு ஆதாரமே கிடையாது. பல நூற்றாண்டுகள் கழித்து எழுந்த விளக்கம் அது. மாற்கு 10:26-ல் சீஷர்கள் மிகவும் ஆச்சரியப்பட்டு, அப்படியானால் யார்தான் இரட்சிக்கப்படக்கூடும் என்கிறார்கள். மண்டியிட்டால் நுழைந்துவிடலாம் என்றால் இந்தக் கேள்வி எதற்கு? 27-இல் மனுஷரால் இது கூடாதது என்ற பதில் எதற்கு? மத்தேயு 23:24-இல் கொசுவை வடிகட்டி ஒட்டகத்தை விழுங்குகிறார்கள், அங்கே யாரும் வாசல் தேடவில்லை. இரண்டும் உயர்வு நவிற்சி. முதலில் கேட்டவர்கள் என்ன பதில் சொன்னார்கள் என்று பார்ப்பது மிக எளிய சோதனை.

தாம்பரம், கணக்குத் துறையில் வேலை

உயர்வு நவிற்சியில் எண்களைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. மத்தேயு 18:24-28. ராஜா மன்னித்துவிட்ட முதல் ஊழியக்காரனின் கடன் 10,000 தாலந்து. அந்த ஊழியக்காரனுக்கு இரண்டாமவன் பட்ட கடன் 100 வெள்ளிப்பணம். ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி (மத்தேயு 20:2). ஒரு தாலந்து 6,000 வெள்ளிப்பணம். ஆக முதல் கடன் 6 கோடி நாள் கூலி. வருடத்துக்கு 300 நாள் வேலை என்றால் 2 லட்சம் வருடம். நாள் கூலியை 800 ரூபாய் என்று வைத்தால் 4,800 கோடி ரூபாய். அதே கணக்கில் இரண்டாவது கடன் 80,000 ரூபாய்.

இங்கே இரண்டு விதமாகத் தவறுகிறார்கள். ஒரு ஊழியக்காரன் இவ்வளவு எப்படிக் கடன் வாங்கினான் என்று ஆராயப் போவது ஒன்று. அடைக்க முடியாத கடன் என்பதற்காகவே எண் அப்படி வைக்கப்பட்டிருக்கிறது. மற்றது, இரண்டாவது கடனைச் சில்லறை என்று தள்ளுவது. கூலிக்காரனுக்கு 80,000 சில்லறை இல்லை, நான்கு மாத உழைப்பு. மன்னிக்கிறவனுக்கு நிஜமாகவே கை கடிக்கும். அதை மறைத்துவிட்டு, மன்னிப்பு சுலபம் என்று அடிபட்டவர்களிடம் போதிப்பது கொடுமை.

மத்தேயு 5:29, கண்ணைப் பிடுங்கு என்கிற வசனம், ஜாக்கிரதையாகக் கையாள வேண்டியது. வலது கண் போனாலும் இடது கண் இருக்கிறதே என்று கேட்டாலே, அங்கே பேச்சு உறுப்பைப் பற்றியதில்லை என்று தெரியும். 15:19-இல் பொல்லாத சிந்தனை இருதயத்திலிருந்து புறப்படுகிறது என்று இயேசுவே சொல்கிறார். உடலைச் சிதைத்துக்கொள்வதைச் சபை பழங்காலத்திலேயே மறுத்திருக்கிறது. 325-இல் கூடிய நிசேயா சங்கத்தின் முதல் விதியே, தன்னைத்தானே விதையடித்துக்கொண்டவர் குருவாக இருக்கக்கூடாது என்பதுதான். கூட்டத்தில் யாராவது மன உளைச்சலோடு இந்த வசனத்தைத் தன்மேல் பொருத்திப் பேசினால் இலக்கணம் விளக்கிக்கொண்டிருக்கக் கூடாது. அவரைத் தனியே விடாமல், குடும்பத்தாரிடம் சொல்லி, அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப்போக வேண்டும்.

காசிமேடு

கடலோரத்தில் வேதபாடம் எடுப்பவர்களுக்காக எழுதுகிறேன். வெளிப்படுத்தல் 21:1-இல் புதிய பூமி வரும்போது 'சமுத்திரமும் இல்லாமற்போயிற்று'. கடலை நம்பிச் சோறு தின்கிறவர்களுக்கு இது எப்படி நற்செய்தி? கேட்கத்தான் செய்வார்கள். அதைக் கடந்து போகக்கூடாது.

கடல் அந்தப் புத்தகத்தில் என்னவாக வருகிறது என்று பார்க்க வேண்டும். 13:1-இல் மிருகம் கடலிலிருந்து எழும்புகிறது. தானியேல் 7:3-இல் நான்கு மிருகங்களும் கடலிலிருந்துதான் ஏறுகின்றன. ஏசாயா 57:20-இல் துன்மார்க்கர் கொந்தளிக்கும் கடல். சங்கீதம் 65:7 அலைகளின் இரைச்சலையும் ஜனங்களின் அமளியையும் ஒரே மூச்சில் இணைத்துச் சொல்கிறது. அலைக்கழிக்கும் தீமை ஒழிவதைத்தான் 21:1 சொல்கிறது. மூன்றே வசனம் தள்ளி 21:4-இல் மரணமும் துக்கமும் அலறுதலும் இல்லை. மீனும் வலையும் போய்விடும் என்று வசனம் பேசவில்லை.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு லூக்கா 21:25-ஐ, சமுத்திரமும் அலைகளும் முழக்கமாயிருக்கும் என்பதை, கடலோரக் குப்பங்களில் சாவு வீட்டிலேயே வாசித்தவர்கள் உண்டு. இறந்தவர்கள்மேல் வந்த தீர்ப்பு என்கிற அளவுக்கு அது போயிற்று. சூரியன் இருளும், கடல் முழங்கும் என்பது தீர்க்கதரிசிகள் அரசுகளின் வீழ்ச்சிக்குப் பயன்படுத்திய மொழி. ஏசாயா 13:10-இல் நட்சத்திரங்கள் ஒளி கொடாமற்போவது பாபிலோனின் அழிவைப் பற்றியது, 13:1 அதைப் பெயர் சொல்லியே தொடங்குகிறது. லூக்கா 21-க்கும் அந்த மொழி பொருந்துமா, எவ்வளவு பொருந்தும் என்பதில் வேதம் அறிந்தவர்களிடையே வேறுபாடு இருக்கிறது. ஆனால் இறந்தவர்களைக் குற்றவாளிகளாக்க அதே லூக்கா இடம் கொடுக்கவில்லை. 13:4-இல் சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த பதினெட்டுப் பேரும் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளோ என்று கேட்டு, இல்லை என்று இயேசுவே பதில் சொல்கிறார். சாவு வீட்டில் வாசிக்க வேண்டிய பகுதி வேறு.

அம்பத்தூர்

புத்தாண்டு ஆராதனையில் கிடைக்கும், ஒரு வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டையைப் பற்றியும் பேச வேண்டும் சிஸ்டர், பிரதர் எல்லோரும். 'உன்னை வாலாக்காமல் தலையாக்குவார்' என்ற அட்டை வந்தால் வகுப்பில் முதல் இடம், ஆபீசில் பதவி உயர்வு என்று முடிவு கட்டுகிறார்கள். உபாகமம் 28:12-13-ஐ ஒன்றாக வாசித்தால் உருவகத்தின் பொருள் அங்கேயே இருக்கிறது: கடன் கொடுக்கும் ஜாதி தலை, கடன் வாங்கும் ஜாதி வால். முழு இஸ்ரவேலுக்கும் நிபந்தனையோடு சொன்னது. 28:44-இல் அதே உருவகம் தலைகீழாக வருகிறது. ஏசாயா 9:15-இல் தலை மூப்பன், வால் பொய்ப்போதகம் பண்ணும் தீர்க்கதரிசி. ஒரே படம் இரண்டு இடத்தில் இரண்டு பொருள். புளித்த மாவும் அப்படித்தான்: மத்தேயு 13:33-இல் பரலோகராஜ்யம், 16:12-இல் பரிசேயரின் உபதேசம். ஓர் இடத்துப் பொருளை எடுத்து மற்ற இடத்தில் ஒட்டக்கூடாது.

சங்கீதம் 91-ஐக் காப்பீட்டுப் பத்திரமாக வாசிப்பவர்களுக்கு மத்தேயு 4:6-ஐக் காட்டுங்கள். தூதர்கள் உன்னை ஏந்துவார்கள் என்கிற அந்தச் சங்கீதத்தின் 11, 12-ஆம் வசனங்களை நேர்ப்பொருளில் எடுத்து, குதித்துப் பார் என்று சொன்னவன் பிசாசு.

கீழ்ப்பாக்கம், இறையியல் மாணவர்

உவமைக்கதைகளில் எதை விளக்கலாம், எதை விடலாம்? மத்தேயு 13:37-43-இல் களை உவமையை இயேசுவே விளக்குகிறார். விதைக்கிறவன், நிலம், நல்விதை, களை, சத்துரு, அறுப்பு, அறுக்கிறவர்கள் என்று ஏழுக்குப் பொருள் சொல்கிறார். மனுஷர் நித்திரை பண்ணினதற்கு (13:25) எதுவும் சொல்லவில்லை. நம் மேடைகளில் 'தூங்குகிற சபை' என்று முழுப் பிரசங்கமும் அதன்மேலேயே கட்டப்படுகிறது. இரவில் ஆட்கள் தூங்குவது இயல்பு, சத்துரு வந்தது தெரியாமல் போனதற்கு அது காரணம், அவ்வளவுதான்.

நல்ல சமாரியனுக்குப் பழங்காலச் சபைப் பிதா அகுஸ்தீன் பொருத்திய பொருள் புகழ்பெற்றது: அடிபட்டவன் ஆதாம், சத்திரம் சபை, சத்திரக்காரன் பவுல். பக்தியுள்ள தியானம், மறுக்கவில்லை. ஆனால் கதை பிறந்தது 'எனக்குப் பிறன் யார்' என்ற கேள்வியிலிருந்து (லூக்கா 10:29), முடிவது 'நீயும் போய் அந்தப்படியே செய்' என்பதில். பவுல் உள்ளே வந்தால் அந்தக் கட்டளை வெளியே போய்விடுகிறது. அநீதியுள்ள நியாயாதிபதி (லூக்கா 18:1-8) இன்னொரு வகை. தேவன் அவனைப் போன்றவர் என்று சொல்ல அந்தக் கதை வரவில்லை. அவனே நியாயம் செய்தால் தேவன் எவ்வளவு அதிகமாய்ச் செய்வார் என்ற எதிர்நிலை ஒப்புமை அது.

நாத்தான் தீர்க்கதரிசி தாவீது ராஜாவிடம் சொன்ன ஆட்டுக்குட்டிக் கதையைத் (2 சாமுவேல் 12) தமிழில் பிறிதுமொழிதல் என்று சொன்னால் உடனே புரியும். பொருளை மறைத்து உவமையை மட்டும் சொல்லி, கேட்டவனே தீர்ப்புச் சொன்னபின், நீயே அந்த மனுஷன் என்று திறக்கிறார்.

எழும்பூர்

கடைசி இராப்போஜனத்தில் அப்பத்தைக் காட்டி இயேசு சொன்ன 'இது என்னுடைய சரீரமாயிருக்கிறது' உருவகமா என்று யாராவது கேட்டால்? எல்லாச் சபையாரும் வருகிற கூட்டங்களில் கட்டாயம் எழும்.

கீழ்ப்பாக்கம், இறையியல் மாணவர்

வீட்டுக் கூட்டத்தில் தீர்க்கிற விஷயம் இல்லை ஐயா. 1529-இல் ஜெர்மனியின் மார்பர்க்கில் சபைச் சீர்திருத்தத் தலைவர்களான லூத்தரும் ஸ்விங்ளியும் நேரில் பேசியும் இந்த ஓர் இடத்தில் ஒத்துப்போகவில்லை. கத்தோலிக்கர் கொள்கை வேறு, லூத்தரன் சபையார் கொள்கை வேறு. 1947 செப்டம்பர் 27-இல் நம் கதீட்ரல் சாலையில் புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, திருவிருந்தைப் பற்றி வெவ்வேறு விதமாகப் போதிக்கப்பட்டவர்கள் ஒரே சபையானார்கள். ஒவ்வொரு சபையும் என்ன அறிக்கையிடுகிறது என்பதை மரியாதையோடு சொல்லிவிட்டு, அவரவர் ஆயரிடம் கேட்கச் சொல்வதே சரி.

பெரம்பூர், ஞாயிறு பள்ளி ஆசிரியை

வகுப்பில் பயிற்சிக்கு இரண்டு பகுதிகள் நன்றாக உதவும். நியாயாதிபதிகள் 4-ஐயும் 5-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்கலாம். ஒரே யுத்தம், முதலாவது உரைநடை, அடுத்தது பாட்டு. நட்சத்திரங்கள் சிசெராவோடே யுத்தம் பண்ணின என்பது (5:20) பாட்டில் மட்டும் இருக்கிறது. பாட்டின் மொழி எப்படி வேலை செய்கிறது என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.

மற்றது பிரசங்கி 12:3-5, முதுமையின் உருவகம். வீட்டுக்காவலாளிகள், பெலசாலிகள், எந்திரம் அரைக்கிறவர்கள், பலகணிவழியாய்ப் பார்க்கிறவர்கள். கைகள், கால்கள், பற்கள், கண்கள் என்று பத்து வயதுப் பிள்ளையும் சொல்லிவிடும். வாதுமைமரம் பூப்பதில் மட்டும் தடுமாறுவார்கள். நம் தெருக்களில் இலை சிவந்து கொட்டும் நாட்டு வாதாமரம் வேறு மரம், அதன் பூ கண்ணில்கூடப் படாது. இஸ்ரவேல் நாட்டு வாதுமை குளிர்காலம் முடியும் முன்பே, இலை விடும் முன்பே, மரம் முழுவதும் வெளுத்துப் பூக்கும். நரைத்த தலை அதுதான். இதற்கும் படம் எடுத்துக்கொண்டு போங்கள்.